மோடம் ரேழியில், ரவுட்டர் கூடத்தில்: வீட்டு இணையத்தை இரண்டாகப் பிரித்து அமைத்தல்

ஃபைபர் இணைப்பு கொடுக்கும் நிறுவனங்கள் இப்போதெல்லாம் வீட்டுக்கு ஒரே ஒரு பெட்டியைத்தான் கொண்டுவந்து மாட்டுகின்றன. கண்ணாடி இழை வழியே வரும் ஒளியை வாங்கி மின் சமிக்ஞையாக மாற்றுவது, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொல்லி நிறுவனத்தின் வலையமைப்புக்குள் நுழைவது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி கொடுத்துப் போக்குவரத்தைப் பிரித்து அனுப்புவது, வைஃபை அலையைப் பரப்புவது என்று நான்கு வேலைகளையும் அந்தப் பெட்டி ஒன்றே செய்கிறது. அவற்றில் முதல் வேலையை மட்டும் அதனிடம் விட்டுவிட்டு, மற்ற மூன்றையும் நாமே பார்த்து வாங்கிய ஒரு ரவுட்டரிடம் ஒப்படைப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கும்பகோணத்தில் எங்கள் வீட்டு இணையத்தை அப்படித்தான் அமைத்திருக்கிறேன். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

செப்புக் கம்பித் தொலைபேசி வழியே பிராட்பேண்ட் வந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. 2005-இல் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'டேட்டாஒன்' என்ற பெயரில் ஏ.டி.எஸ்.எல். இணைப்பு கொடுக்கத் தொடங்கிய நாட்களில், பல வீடுகளில் மோடம் வெறும் மோடமாகவே இருந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பிராட்பேண்ட் இணைப்புக்கென்று ஓர் ஐகானை உருவாக்கி, அதை அழுத்திக் கடவுச்சொல் கொடுத்து 'டயல்' செய்த பிறகுதான் இணையம் வரும். பி.பி.பி.ஓ.இ. என்ற நெறிமுறைப்படி உள்நுழைவதைக் கணினியே செய்தது. மோடம் அதில் தலையிடாமல் இரு பக்கத்துத் தரவையும் கடத்திவிட்டது. அந்த நிலைக்குத்தான் பிரிட்ஜ் மோட் என்று பெயர். வைஃபையோடு கூடிய மோடங்கள் வந்த பிறகு எல்லா வேலையும் ஒரே பெட்டிக்குள் போய்விட்டது. இன்று ஃபைபருக்கு வரும் ஓ.என்.டி. பெட்டியும், அதை எல்லோரும் மோடம் என்றுதான் சொல்கிறோம், அதே வழியில் வந்ததுதான்.

எங்கள் வீடு தெருவிலிருந்து கொல்லை வரை நீண்டு கிடக்கும் பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அதைத் தாண்டி அடுக்களை, கிணற்றடி. கூடத்துக்கு மேலே பின்னாளில் கட்டிய கான்கிரீட் மாடியறை ஒன்று. கீழ்த்தளத்துச் சுவர்கள் சுண்ணாம்புக் காரையில் எழுப்பியவை, ஒன்றரை அடி கனம். ஃபைபர் கேபிள் தெருக் கம்பத்திலிருந்து இறங்குவதால், ரேழியில் மின் மீட்டருக்குப் பக்கத்தில்தான் ஓ.என்.டி.யை மாட்ட முடிந்தது. அதிலிருந்து வரும் வைஃபை திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெருவில் போகிறவருக்கும் நன்றாகக் கிடைக்கும். அடுக்களைக்கும் மாடியறைக்கும் ஏறவே ஏறாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு சுவர்களைத் தாண்டித் தட்டுத் தடுமாறியாவது வந்துவிடும். வேகம் கொடுக்கும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு அத்தனை கனமான ஒரு சுவரைத் தாண்டுவதே பெரும்பாடு. நடுவில் ஓர் இரும்பு பீரோவும் நின்றுவிட்டால், அதன் பின்னால் இருக்கும் இடத்துக்கு அலையின் நிழல்தான் மிஞ்சும்.

ஓ.என்.டி.யையே கூடத்துக்குக் கொண்டுபோகலாமே என்று கேட்கலாம். போகலாம்தான். ஆனால் கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் வளைவில் ஒளி கசிந்துவிடும். வீட்டுக்குள் எங்கேயாவது அறுந்தால் அதை ஒட்டவைக்க ஸ்ப்லைசிங் இயந்திரத்தோடு ஆள் வரவேண்டும். சாதாரண லேன் கேபிள் பழுதானால் கடைத்தெருவில் கனெக்டர் வாங்கி நாமே சரிசெய்துகொள்ளலாம். ஆகவே ஒளியை வாசலோடு நிறுத்திவிட்டு, உள்ளே செப்புக் கேபிளை இழுப்பதுதான் புத்திசாலித்தனம். கம்பி வந்து இறங்கும் இடத்தில் மோடமும், மனிதர்கள் புழங்கும் இடத்தில் வைஃபையும் இருக்கவேண்டும். ஒரே பெட்டியால் இரண்டு இடத்திலும் இருக்க முடியாது.

புதிய ரவுட்டர் வாங்கும்போது கவனிக்கவேண்டிய முதல் விஷயம், அட்டைப்பெட்டியில் 'மோடம் ரவுட்டர்' என்று போட்டிருப்பதை வாங்கிவிடக்கூடாது என்பதுதான். அவற்றில் பல தொலைபேசிக் கம்பி செருகும் சிறிய துளையோடு வருபவை. பழைய செப்பு இணைப்புக்கானவை. நமக்கு வேண்டியது, வெளியிலிருந்து வரும் இணையத்தை வாங்க லேன் கேபிள் செருகும் 'வேன்' போர்ட் உள்ள வெறும் ரவுட்டர். அந்த போர்ட் நொடிக்கு ஒரு கிகாபிட் வேகம் உடையதா என்று பார்க்கவேண்டும். விலை மலிவான ரவுட்டர்களில் வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள், ஆனால் போர்ட் 100 எம்.பி.பி.எஸ். ஆகத்தான் இருக்கும். 200 எம்.பி.பி.எஸ். திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு அதை அந்தக் குறுகிய வாசல் வழியாக இழுப்பதில் என்ன பயன்? ஓ.என்.டி.யிலும் இதே கதை உண்டு. சிலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 தான். எது எது என்று பெட்டியின் அடிப்பக்கத்திலோ அமைப்புப் பக்கத்திலோ பார்த்துத் தெரிந்துகொண்டு, கிகாபிட் போர்ட்டிலிருந்தே கேபிளை எடுக்கவேண்டும். வைஃபை 6 வகை ரவுட்டர்கள் இப்போது எட்டும் விலையில் கிடைக்கின்றன. 2021-இல் முறையாக வெளிவந்த அந்தத் தரம், ஒரே நேரத்தில் பல கருவிகள் பேசும் வீடுகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது என்பதால், அதையே வாங்கச் சொல்வேன்.

பிரித்து அமைப்பதில் மூன்று வழிகள் உள்ளன. ஓ.என்.டி.யை இருந்தபடியே விட்டுவிட்டு, ரவுட்டரையும் அதன் இயல்பான நிலையிலேயே அதில் செருகிவிடுவது முதல் வழி. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, இணையமும் வரும். ஆனால் வீட்டுக்குள் உள்ள முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் 'நாட்' என்ற வேலையை இரண்டு பெட்டிகளும் அடுத்தடுத்துச் செய்வதால், இரட்டை நாட் என்று சொல்லப்படும் சிக்கல் ஏற்படும். வெறுமனே செய்தி படிப்பவருக்கும் படம் பார்ப்பவருக்கும் அது தெரியாது. வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவையோ கணினியையோ நேரடியாகத் தொடர்புகொள்ள நினைப்பவருக்கும், சில இணைய விளையாட்டுகளை ஆடும் பிள்ளைகளுக்கும் தெரியும். இரண்டு பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியை வைத்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். ரவுட்டர் எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் விழிக்கும். இந்த வழியிலேயே போவதென்றால் ரவுட்டரின் முகவரியையாவது 192.168.10.1 என்பதுபோல மாற்றிவிடவேண்டும்.

ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றி, வைஃபையைப் பரப்புவதற்கு மட்டும் பயன்படுத்துவது இரண்டாவது வழி. முகவரி கொடுப்பதும் உள்நுழைவதும் ஓ.என்.டி.யிடமே இருக்கும். பிரிட்ஜ் மோட் தர மறுக்கும் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களுக்கு இதுவே சிறந்தது, இதில் குறையாக நினைக்க ஒன்றுமில்லை. மூன்றாவது வழியான பிரிட்ஜ் மோடில், ஓ.என்.டி. அந்தக் காலத்து மோடம்போல ஒதுங்கி நிற்கும்; ரவுட்டர்தான் நிறுவனத்தோடு நேரடியாகப் பேசும். நான் தேர்ந்துகொண்டது இதைத்தான்.

பிரிட்ஜுக்கு மாற்றுவதற்கு முன் நிறுவனத்திடம் கேட்டு வாங்கவேண்டிய விவரங்கள் சில உண்டு. பி.பி.பி.ஓ.இ. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் முதல் தேவை. அடுத்து வி-லேன் எண். நிறுவனம் இணையத்துக்கு ஒரு எண், தொலைபேசிக்கு ஒரு எண் என்று தரவைக் குறியிட்டுப் பிரித்து அனுப்பும். அந்தக் குறியை ஓ.என்.டி. போடுமா, ரவுட்டர் போடவேண்டுமா என்பது தெரியாவிட்டால், எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு எழும்பாது. ஓ.என்.டி.யில் தொலைபேசி செருகியிருப்பவர்கள், பிரிட்ஜுக்குப் போன பின்னும் அது வேலை செய்யுமா என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவேண்டும். பழைய பெட்டியின் மேக் முகவரியோடு, அதாவது அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணோடு, கணக்கைப் பூட்டி வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அவர்களிடம் சொல்லிப் பூட்டைத் திறக்கவைக்கவேண்டும், அல்லது அந்த எண்ணை ரவுட்டரில் நகலெடுக்கும் 'மேக் குளோன்' வசதியைப் பயன்படுத்தவேண்டும்.

இதைக் கேட்டபோது எங்கள் வீட்டுக்கு வந்த தொழில்நுட்ப ஊழியர், "அதெல்லாம் மாத்திட்டா அப்புறம் வைஃபை கம்ப்ளெயின்ட் எல்லாம் நாங்க எடுக்க முடியாது மேடம்" என்றார். "வைஃபை என் பொறுப்பு தம்பி, இந்தப் போர்ட் வரைக்கும் நெட் வந்தா போதும்" என்று சொன்ன பிறகு, கைபேசியிலேயே அலுவலகத்தில் பேசி மாற்றிக்கொடுத்துவிட்டுப் போனார். அவர் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. வைஃபை வரவில்லை என்று வரும் புகார்களில் எத்தனையோ வீட்டுச் சுவராலும் பீரோவாலும் வருபவை. அதற்கெல்லாம் அவர்தான் வண்டியை எடுத்துக்கொண்டு அலையவேண்டும். பொறுப்பு எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று தெளிவாகப் பேசிவிட்டால் இரு தரப்புக்கும் நிம்மதி.

மாற்றும் வேலை அதிக நேரம் பிடிப்பதில்லை. ரவுட்டரை ஓ.என்.டி.யில் செருகும் முன்பே, கணினியை அதோடு லேன் கேபிளில் இணைத்து, அமைப்புப் பக்கத்தில் பி.பி.பி.ஓ.இ. விவரங்களையும் வி-லேன் எண்ணையும் எழுதி வைத்துவிடலாம். ஒரு தரவுப் பொட்டலத்தின் அதிகபட்ச அளவைச் சொல்லும் எம்.டி.யு. என்ற கட்டத்தில் 1492 இருக்கவேண்டும். ஈதர்நெட் பொட்டலம் 1500 பைட் சுமக்கும். அதில் 8 பைட்டை பி.பி.பி.ஓ.இ. தன் தலைப்புக்கு எடுத்துக்கொள்கிறது. இந்த எண் தவறாக இருந்தால் சில தளங்கள் மட்டும் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், காரணம் லேசில் பிடிபடாது. பிறகு ஓ.என்.டி.யில் இணைய இணைப்பை, ரவுட்டர் வேலையையும் தானே பார்க்கும் ரூட் நிலையிலிருந்து பிரிட்ஜ் நிலைக்கு மாற்றி, அதன் வைஃபையை அணைத்து, இரண்டு பெட்டிகளையும் நிறுத்திவிட்டு, முதலில் ஓ.என்.டி.யை உயிர்ப்பித்து, ஃபைபர் இணைப்பைக் காட்டும் அதன் பான் விளக்கு நிலையாக எரிந்த பிறகு ரவுட்டரைப் போடவேண்டும். ஓ.என்.டி.யின் வைஃபையை அணைக்கும் வேலையை மறக்கவே கூடாது. இல்லையென்றால் பழைய பெயரையும் கடவுச்சொல்லையும் நினைவில் வைத்திருக்கும் கைபேசிகள் அதையே போய்ப் பிடித்துக்கொண்டு, சிக்னல் இருந்தும் இணையம் இல்லாமல் நிற்கும்.

இணைப்பு எழுந்ததும் ரவுட்டர் எந்த முகவரியைப் பெற்றிருக்கிறது என்று பாருங்கள். 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், நிறுவனமே ஒரு பெரிய 'நாட்' ஏற்பாட்டுக்குப் பின்னால் உங்களை வைத்திருக்கிறது என்று பொருள். உலகில் ஐ.பி. 4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்துபோனதால் ஏற்பட்ட ஏற்பாடு இது. இதற்கென்றே அந்த முகவரித் தொகுதி 2012-இல் ஒதுக்கப்பட்டது. வீட்டுக்குள் இருந்த இரட்டை 'நாட்' சிக்கலை நாம் நீக்கியிருந்தாலும், வெளியிலிருந்து நேரடியாக வீட்டுக்குள் நுழைய இது தடைதான். அப்படி நுழையவேண்டிய தேவை உள்ளவர்கள், நிலையான பொது முகவரிக்குத் தனிக் கட்டணம் கட்டிப் பெறவேண்டும், அல்லது ஐ.பி. 6 என்ற புதிய வகை முகவரி வழியைப் பயன்படுத்தவேண்டும்.

கேபிளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாடு முழுவதும் அந்த ஒரு கம்பியின் மேல்தான் நிற்கிறது. கடையில் லேன் கேபிள் கேட்டால் இரண்டு விலையில் எடுத்துப்போடுவார்கள். மலிவானது பெரும்பாலும் அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசியது. நுனியைச் சீவி, கத்தியால் லேசாகச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அது மடக்கினால் எளிதில் ஒடியும், மின்தடையும் அதிகம். முழுச் செப்புக் கேபிளைச் சுரண்டினால் உள்ளேயும் அதே செம்பு நிறம்தான் இருக்கும். கேட் 5இ வகையே 100 மீட்டர் வரை ஒரு கிகாபிட் கொண்டுபோகும். ஆனாலும் சுவரோரம் ஒருமுறை இழுத்துவிட்டால் பல ஆண்டுகள் கிடக்கப்போகிறது என்பதால் கேட் 6 இழுத்தேன். ரேழியிலிருந்து கூடத்து உத்தரத்தின் ஓரமாக, மின்சார ஒயர் போகும் குழாய்க்குள் நுழையாமல், தனி பி.வி.சி. பட்டையில் அது போகிறது. மின் ஒயரோடு சேர்த்து ஒரே குழாயில் இதை விடச் சொல்லும் எலக்ட்ரீஷியனைத் தடுத்துவிடுங்கள். அது பாதுகாப்பும் இல்லை, இரைச்சலும் சேரும்.

கேபிளுக்குள் எட்டு கம்பிகள், நான்கு ஜோடிகள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இரு முனையிலும் ஆர்.ஜே.45 கனெக்டருக்குள் செருகிக் கிரிம்ப் செய்யவேண்டும். 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்கு இவற்றில் இரண்டு ஜோடிகள் போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். எனவே நீலம், பழுப்பு ஜோடிகளில் ஒரு கம்பி சரியாகக் கடிபடாமல் போனாலும் பெரும்பாலும் இணையம் நின்றுவிடாது. சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். வேகச் சோதனையில் 94 அல்லது 95 என்ற எண்ணைத் தாண்டவே மாட்டேன் என்கிறது என்றால், நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் கனெக்டரைக் கண்ணருகே வைத்து, எட்டு நுனிகளும் முன்சுவரை முட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள்.

ரவுட்டரைக் கூடத்தில், முற்றத்தைப் பார்த்த அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். முற்றம் திறந்த வெளி என்பதால் அலை அதைக் கடந்து அடுக்களைக்குத் தாராளமாகப் போகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் நிறுத்தி, பக்கத்து வீடுகளில் எது குறைவாக இருக்கிறதோ அதைக் கொடுத்தேன். 5 கிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை உள்ள தொகுதி தொல்லையில்லாதது. நடுவிலுள்ள சில சேனல்களைப் பிடிக்கும் முன் ரேடார் ஏதும் இருக்கிறதா என்று ரவுட்டர் ஒரு நிமிடமாவது காத்திருந்து கேட்கவேண்டும், அதனால் ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தாமதமாகும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர்தான் வைத்திருக்கிறேன். 2.4 மட்டுமே தெரிந்த கேமராவுக்கும் ஸ்மார்ட் பிளக்குக்கும் விருந்தினர் வலையமைப்பைத் தனியாகக் கொடுத்துவிட்டேன். எந்த நாளில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டதோ தெரியாத அந்தச் சின்னக் கருவிகள், வங்கிக் கணக்கு பார்க்கும் கணினியோடு ஒரே வலையில் இருக்கவேண்டிய அவசியமில்லை. கடவுச்சொல் அடிக்காமலே கருவிகளை இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். பொத்தான் வசதியை அணைத்து, பாதுகாப்பை டபிள்யூ.பி.ஏ.2, டபிள்யூ.பி.ஏ.3 இரண்டும் கலந்த நிலையில் வைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றியாயிற்று. மாடியறைக்கு அதே ரவுட்டரிலிருந்து இன்னொரு கேபிள் ஏறி, பழைய ரவுட்டர் ஒன்று அங்கே ஆக்சஸ் பாயின்ட்டாக இருக்கிறது.

பெட்டி இரண்டானால் மின் இணைப்பும் இரண்டு. மின்வெட்டில் ரவுட்டருக்கு மட்டும் இன்வெர்ட்டர் கொடுத்துவிட்டு, வாசலில் இருக்கும் ஓ.என்.டி.யை விட்டுவிட்டால் பயனில்லை. தெருவில் ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், நம் இரண்டு பெட்டிகளும் நிறுவனத்தின் நிலையமும் உயிரோடு இருந்தால் தெரு முழுக்க இருட்டாக இருந்தாலும் இணையம் ஓடும். ரேழியில் இன்வெர்ட்டர் ஒயர் இல்லாதவர்கள் 12 வோல்ட் மினி யு.பி.எஸ். வாங்கலாம், அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்பியர், முனையின் துருவக் குறி மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்கவேண்டும். ஐப்பசி இடிக்குப் பயந்து தொலைபேசிக் கம்பியைப் பிடுங்கி வைத்த பழைய பழக்கம் ஃபைபருக்குத் தேவையில்லை, கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மின் பிளக் வழியாக இடி வரலாம் என்பதால், அதைக் கழற்றும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இந்த ஏற்பாட்டின் உண்மையான அருமை, இணையம் நின்றுபோகும் நாளில்தான் தெரிகிறது. முதலில் ரேழிக்குப் போய் ஓ.என்.டி.யைப் பார்ப்பேன். லாஸ் என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வரவில்லை. எங்கோ கம்பி அறுந்திருக்கிறது, அது நிறுவனத்தின் வேலை. பான் விளக்கு நிலையாக எரிந்தும் ரவுட்டரில் முகவரி இல்லையென்றால், பி.பி.பி.ஓ.இ. உள்நுழைவில் கோளாறு, கட்டணம் கட்டினோமா என்பதும் இந்த இடத்தில்தான் நினைவுக்கு வரவேண்டும். ரவுட்டரில் முகவரி இருந்து, கேபிளில் இணைத்த கணினிக்கு இணையம் வந்து, கைபேசிக்கு மட்டும் வரவில்லையென்றால் அது முழுக்க என் வைஃபை சம்பந்தப்பட்டது, யாரையும் கூப்பிடவேண்டியதில்லை. ஓ.என்.டி.யின் அமைப்புப் பக்கத்தில் வந்து சேரும் ஒளியின் அளவு டி.பி.எம். கணக்கில் இருக்கும். பரவலாகப் பயன்படும் ஜிபான் என்ற வகை ஓ.என்.டி. பெட்டிகள் மைனஸ் 27 வரை தாங்கும், ஆனால் மைனஸ் 25-ஐத் தாண்டினாலே மழை நாளில் துண்டிப்பு தொடங்கிவிடலாம். மூன்று எண் குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று பொருள். இணைப்பு நன்றாக இருக்கும் நாளில் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டால், "பவர் மைனஸ் 20-இல் இருந்தது, இப்போது மைனஸ் 26 காட்டுகிறது" என்று புகாரில் சொல்லலாம்; ஊழியர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லாமல் நேராகக் கம்பத்துக்கு ஏணியைக் கொண்டுபோவார். ஓ.என்.டி.யில் ஃபைபர் செருகியிருக்கும் பச்சை நிறக் கனெக்டரை மட்டும் நாம் கழற்றிப் பார்க்கக்கூடாது. அதன் நுனியில் படும் தூசே ஒளியைக் குறைத்துவிடும், உள்ளிருந்து வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என்பதால் அதை உற்றுப் பார்ப்பதும் ஆபத்து.

நிறுவனம் தொலைவிலிருந்தே ஓ.என்.டி.யை நிர்வகிக்கிறது என்பதால், மென்பொருள் புதுப்பிப்புக்குப் பிறகு அது பிரிட்ஜிலிருந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும் சாத்தியம் உண்டு. அதன் வைஃபை பெயர் திடீரென்று கைபேசியில் தோன்றினால் அதுதான் நடந்திருக்கிறது. பிரிட்ஜுக்குப் போன பின் ரவுட்டர் வழியாக ஓ.என்.டி.யின் அமைப்புப் பக்கம் பெரும்பாலும் திறக்காது. ஒரு மடிக்கணினியை அதன் காலியான லேன் போர்ட்டில் நேராகச் செருகி, கணினிக்கு 192.168.1.50 போன்ற முகவரியைக் கையால் கொடுத்தால் திறக்கும். ரவுட்டரின் அமைப்புகளை ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பயனர் பெயர், கடவுச்சொல், வி-லேன் எண், ஒளியின் அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மீட்டர் பலகைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நான் ஊரில் இல்லாத நாளிலும் வீட்டில் இருப்பவர்கள் அதைப் பார்த்து, எந்தப் பெட்டியில் கோளாறு என்பதை ஊழியரிடம் சொல்லிவிடுகிறார்கள்.